விலைக்கு அளந்த மணலை நஞ்சுக்கும் அளந்து காட்டுங்கள்

மன்னார்த் தீவின் மணலைப் பற்றி, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் இருந்து பங்கு வாங்குகிறவருக்குத் தெரிந்ததில் பாதிகூட அத்தீவின் பேசாலையில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவருக்குத் தெரியாது. டைட்டேனியம் சான்ட்ஸ் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் இத்தீவில் ஆயிரக்கணக்கான துளைகளை இட்டு மணலை எடுத்து அளந்தது. அந்த நாட்டுப் பங்குச் சந்தையின் விதிப்படி துளை எங்கே, எவ்வளவு ஆழம், அதில் பாரமான கனிய மணிகளான கனதாது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அட்டவணை போட்டு வெளியிட்டது. முதலீட்டாளர் ஏமாறக் கூடாது என்பதற்காக அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் அந்தத் துளை தன் பனங்காணிக்குள் இடப்பட்ட மனிதருக்கு அதே அட்டவணையைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் எவருக்கும் தோன்றவில்லை. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கும் தோன்றவில்லை, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் தோன்றவில்லை, மாவட்டச் செயலகத்துக்கும் தோன்றவில்லை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நிறுவனம் தன் அறிக்கைகளில் கணக்கிட்டிருப்பது 30 கோடி தொன்னைத் தாண்டும் மணல். அதில் கனதாது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு. அந்த நாலு பங்கில் முதன்மையானது இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்பு மணி. பூச்சு வண்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெண்மை கொடுக்கும் டைட்டேனியம் டையொக்சைட்டு பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. கப்பலேறுவது அந்த நாலு. மிச்சம் 96 பங்கு நம் காணியிலேயே கொட்டப்படும். வாதம் முழுக்க அந்த நாலின் விலையைச் சுற்றியே நடக்கிறது. எவ்வளவு அந்நியச் செலாவணி, எத்தனை பேருக்கு வேலை, அரசுக்கு எவ்வளவு உரிமப் பணம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கிளறிக் கழுவித் திருப்பிப் போடப்படும் 96 பங்கு என்ன நிலையில் இருக்கும் என்பதுதான் இத்தலையங்கத்தின் கேள்வி.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இல்மனைட் நஞ்சல்ல. கனதாது வேறு, கன உலோக நஞ்சு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, தோண்டினால் தீவே நஞ்சாகிவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்களிடமும் அளவு எதுவும் கையில் இல்லை. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அளவில்லாத கோபத்தை ஒரு நிபுணர் அறிக்கை ஒரே பக்கத்தில் தள்ளிவிடும். தள்ளிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும், அதற்காகவே எச்சரிக்கிறோம். மறுபக்கத்தில், நாங்கள் இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை, தண்ணீரில் கழுவிப் பாரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மணலைத் திருப்பிப் போடுகிறோம் என்பது உலகெங்கும் கனிய மணல் தொழிலின் வாய்ப்பாடு. அதுவும் பொய்யல்ல. இல்மனைட்டின் அடர்த்தி குவாட்ஸ் மணலைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. சுருள் ஓடையில் தண்ணீரோடு விட்டால் பாரமானது உட்பக்கம் ஒதுங்கும். அமிலம் வேண்டாம், சயனைட்டு வேண்டாம். அப்படியானால் என்னதான் பிரச்சினை?

பிரச்சினை இரும்பில் இருக்கிறது. இல்மனைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் இரும்பில் அல்ல, மணல் மணிகளின் மேல் மெல்லிய காவித் தோலாகப் படிந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டில். நானாட்டானிலோ முருங்கனிலோ காலபோக வயலில் ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கி வாய்க்கால் நீரில் அலசிப் பாருங்கள். சேறு போய்விடும், வேரில் செம்பழுப்பு நிறம் போகாது. நீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று இல்லை. நெல்வேர் மேலிருந்து தனக்குக் காற்றைக் கொண்டுவந்து கசியவிடும். அந்தக் காற்றுப் பட்டதும் நீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகி வேரைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அந்தத் துருப் போர்வை ஆசனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈயத்தையும் பிடிக்கும். மண்ணிலும் அதே வேலைதான் நடக்கிறது. காவித் தோல் பூசிய ஒவ்வொரு மணியும் நச்சு உலோகங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக் காவல் காக்கிறது. இயற்கை இந்த மண்ணுக்கு வைத்த காவற்காரன் இரும்பு.

ஆனால் இந்தக் காவல் நிலையானதல்ல. மண் நீரில் மூழ்கிக் காற்றற்றுப் போனால் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு அந்த இரும்பு ஒட்சைட்டையே பயன்படுத்தும். தோல் கரையும். அதில் ஒட்டியிருந்த ஆசனிக்கும் கரைந்து நீருக்கு வரும். வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் கோடிக்கணக்கானவர் குடித்த ஆசனிக் இவ்வாறு மண்ணின் இரும்பிலிருந்து அவிழ்ந்து வந்ததுதான். எந்த ஆலையும் அதைக் கொட்டவில்லை. மாறாக, நீரடியில் நெடுங்காலம் கிடந்த மண்ணை வெளியே எடுத்துக் காற்றில் உலரவிட்டால் வேறு கதை தொடங்கும். இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டு அமிலமாகும். அமிலத்தில் கட்மியமும் ஈயமும் அலுமினியமும் அவிழும். ஆக, ஊறப் போட்டாலும் அவிழும், உலரப் போட்டாலும் அவிழும். எது, எப்போது, எவ்வளவு என்பது அந்த மண்ணில் எந்த வகை இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் மாறி மாறித் தோண்டிக் கழுவி மீண்டும் கொட்டும் தொழில் இந்த இரண்டையுமே செய்யும்.

இங்கேதான் ஆய்வறிக்கைகளில் வழக்கமாக ஒரு சூழ்ச்சி நுழைகிறது. மண்ணை வலிய அமிலத்தில் முழுமையாகக் கரைத்து அதில் மொத்தம் எவ்வளவு ஈயம், எவ்வளவு குரோமியம் என்று ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். எண் எல்லைக்குள் இருக்கும், எல்லோரும் நிம்மதியாகக் கையொப்பமிடுவார்கள். அந்த எண் பாதி உண்மை. இல்மனைட் படிகத்துக்குள் இருக்கும் குரோமியம் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வெளியே வராது. காவித் தோலில் ஒட்டியிருக்கும் ஆசனிக் அடுத்த மாரியிலேயே வரலாம். இரண்டையும் கூட்டிச் சொல்லும் மொத்தக் கணக்கால் விவசாயிக்குப் பயனில்லை. எது எதில் ஒட்டியிருக்கிறது, நனைத்து உலர்த்தி மீண்டும் நனைத்தால் எவ்வளவு கழன்று வருகிறது என்ற சோதனைதான் பதில் சொல்லும். அது புதிய வித்தையல்ல. மண்ணியல் ஆய்வுகூடங்களில் பல பத்தாண்டுகளாக நடப்பது. கேட்டால் செய்வார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

பேர்த் நகரத்தாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த நகரின் ஸ்டேர்லிங் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டக் கிணறுகளின் நீர் அமிலமாகி, ஆசனிக் பாதுகாப்பு எல்லையைப் பல மடங்கு தாண்டியது. அங்கே சுரங்கம் இல்லை. வீடு கட்டுவதற்காகச் சல்பைட்டு நிறைந்த சதுப்பு மண்ணைக் கிண்டினார்கள், நிலத்தடி நீரை இறைத்து வற்றவைத்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவில் இத்தகைய மண் இருக்கக்கூடிய கரையோர நிலத்தைக் கிண்டுவதென்றால் முன்கூட்டியே ஆராய்ந்து, முகாமைத்துவத் திட்டம் வைக்கச் சொல்கிறார்கள். மன்னாரோ உப்பளமும் கண்டலும் களப்புச் சேறும் சூழ்ந்த கரை. வங்காலையும் விடத்தல்தீவும் அப்படிப்பட்ட நிலங்கள். இரும்புச் சல்பைட்டு உருவாவதற்கு இதைவிட வாய்ப்பான இடம் எது? தன் நகரத்தில் கட்டாயமாக உள்ள சோதனையை மன்னாரில் தானாகச் செய்து காட்டும் கடமை அந்த நிறுவனத்துக்கு உண்டு. செய் என்று கட்டளையிடும் கடமை நம் அதிகாரிகளுக்கு உண்டு. செய்திருந்தால் முடிவைக் காட்டுங்கள். செய்யவில்லையென்றால் அதைச் சொல்லுங்கள்.

தீவின் தண்ணீர்க் கதை இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமும் சில கிலோமீற்றர் அகலமும் கொண்ட இந்த மணற்திட்டில் ஆறு இல்லை. தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் தோட்டவெளியிலும் கிணற்றில் வரும் நன்னீர், மாரி மழை மணலுக்குள் இறங்கி உவர் நீரின் மேல் மிதந்து நிற்பது. நீரியலில் இதற்கு எளிய கணக்கு உண்டு. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உவரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். நிறுவனத்தின் துளைகள் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போயின. அந்த ஆழத்து மணலுக்கும் அவர்கள் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். உவர் ஏறினால் கத்தரித் தோட்டம் கருகும் என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உவர் நீரின் குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணிலிருந்து கழற்றிப் பயிருக்கு எளிதாக்கிவிடும் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. உவரும் உலோகமும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று எழுதப்படும் அறிக்கையை நாம் ஏற்க மாட்டோம்.

அகழ்வு தீவில், நெல் பெருநிலத்தில் என்று ஒரு பதில் வரும். வரட்டும். தீவின் அகழ்வு நேரே கட்டுக்கரைக்குளத்து வயலை நஞ்சாக்கும் என்று நாமும் சொல்லவில்லை. நாம் கேட்பது மாவட்டம் முழுவதற்கும் ஓர் அடிப்படைக் கணக்கு. காரணம் இருக்கிறது. கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் தருவது அருவியாறு, தேக்கம் அணைக்கட்டின் வழியாக. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று அனுராதபுரத்தைச் சுற்றி வரும் அதே ஆறுதான் அது. ரஜரட்டையின் வயல்களைக் கழுவிக்கொண்டு வருகிறது. அந்த ரஜரட்டையில் 1990-களில் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோய்க்கு இன்றுவரை காரணம் அறுதியிடப்படவில்லை. கட்மியம் என்றார்கள், ஆசனிக் என்றார்கள், புளோரைட்டும் நீரின் கடினத்தன்மையும் என்றார்கள், பூச்சிகொல்லி என்றார்கள், வெயிலில் உழைத்து நீர்வற்றிய உடம்பு என்றார்கள். ஆய்வுக்குமேல் ஆய்வு வந்தது, ஒன்றையொன்று மறுத்தது. நோய்க்கு முன்னால் அந்த மண்ணிலும் கிணற்றிலும் என்ன இருந்தது என்ற பதிவு இருந்திருந்தால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி குறைந்திருக்கும். மன்னாரிலும் நாளை ஒரு நெல்மணியில் கட்மியம் கூடினால் உரக்காரர் சுரங்கக்காரரைக் காட்டுவார், சுரங்கக்காரர் உரக்காரரைக் காட்டுவார், இருவரும் சேர்ந்து மேலிருந்து வரும் ஆற்றைக் காட்டுவார்கள். விவசாயி கமநல சேவை நிலையத்து வாசலில் நிற்பார்.

இது கற்பனையல்ல, வடக்கிலேயே நடந்தது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஒரு சோதனை எண்ணெய் உண்டு என்றது, வேறொரு நிபுணர் குழு ஆபத்தில்லை என்றது. குடிநீருக்குச் சனங்கள் பவுசரின் பின்னே ஓடினார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே அனல் மின் நிலையம் நடத்திய நொதேர்ண் பவர் நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்திய அந்தத் தீர்ப்பு, காவல் காக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையில் தவறியதையும் சுட்டிக்காட்டியது. மத்திய சுற்றாடல் அதிகார சபை அந்த வழக்கில் எதிர்மனுதாரராக நின்ற சபை. மன்னார்க் கோப்பு இப்போது அதே சபையின் மேசையில்தான் போய் நிற்கும். பழைய தீர்ப்பை ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டுகிறோம்.

நஞ்சேறிய வயலை மீட்கும் விலை என்ன என்பதற்கு யப்பானைப் பார்க்கலாம். கமியோகா சுரங்கத்தின் கட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து தொயாமா மாகாணத்து நெல்வயலுக்குப் பாய்ந்தது. எலும்பு நொறுங்கும் வலியில் பெண்கள் துடித்த இத்தாய்-இத்தாய் நோய்க்கு அதுவே காரணம் என்று அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. வயல்களை மீட்கும் வேலை 2012-இல்தான் முடிந்தது. நஞ்சு மண்ணைப் புதைத்து மேலே நல்ல மண் பரப்பினார்கள், வயல் வயலாக. பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டுக்கே அந்தக் காலம் பிடித்தது.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் இதே தாது மணல்தான் எடுக்கப்பட்டது. 2013-இல் அரசு தடை போட்டது. பல வருடம் வழக்கு நடந்து, 2025 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது, 5,832 கோடி இந்திய ரூபாயை வசூலிக்கும் நடவடிக்கைக்கும் வழிவிட்டது. எத்தனை தொன் களவுபோனது, எவ்வளவு பணம் வரவேண்டும் என்பதில்தான் அந்தக் கணக்கெல்லாம் நின்றது. தாது மணலில் இல்மனைட்டோடு வரும் மோனசைட்டில் தோரியம் உண்டு. நம் வடகிழக்குக் கரையின் புல்மோட்டை மணலிலும் அது உண்டு. இல்மனைட்டை எடுத்துவிட்டு மோனசைட்டையும் மென்துகளையும் ஓரிடத்தில் குவித்தால், பரவிக் கிடந்தது செறிந்து கிடக்கும். எங்கே குவிப்பார்கள், யார் வேலியடைப்பார்கள், நிறுவனம் போன பிறகு யார் காவல்? இந்தக் கேள்விகளை இப்போதே கேட்கிறோம், ஏனென்றால் பிறகு கேட்டால் முகவரி மாறியிருக்கும்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டம் இருக்கிறது, 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது, 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எப்பாவல பொஸ்பேற் படிவை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க முற்பட்டபோது, 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இயற்கை வளத்தைப் பொறுத்தவரை அரசு மக்களுக்காக வைத்திருக்கும் காப்பாளர், முறையான சுற்றாடல் ஆய்வும் மக்களுக்கான தகவலும் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது என்பது அதன் சாரம். எப்பாவலவுக்கு ஒரு நீதி, எருக்கலம்பிட்டிக்கு வேறு நீதியா?

2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் தெருவில் இறங்கியபோது, காற்றாலை வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இணங்கினார். அந்த ஒரு மாதத்தில் தீவின் நீரையும் மண்ணையும் அளக்க ஒரு குழு இறங்கியிருக்கலாம். செப்டெம்பர் இறுதியில் இறங்கியது பொலிஸ். காற்றாலைப் பாகங்கள் இரவில் உள்ளே போயின, வழிமறித்தவர்கள் அடிவாங்கினார்கள். காற்றாலையைப் பற்றிய நம் கருத்து வேறொரு நாளுக்கு. ஆனால் கால அவகாசம் என்ற பெயரில் நாட்களை ஓட்டிவிட்டுப் பிறகு காரியத்தைச் சாதிக்கும் அந்தப் பழக்கம் கனிய மணலிலும் நடக்கும் என்று மக்கள் அஞ்சுவதில் தவறில்லை. நில ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போதெல்லாம் ஊர் திரண்டு மறிப்பதை அபிவிருத்திக்கு எதிரான குணம் என்று கொழும்பில் சிலர் எழுதுகிறார்கள். தகவல் தராதவன் வாசலுக்கு வந்தால் மறிக்கத்தான் செய்வார்கள்.

ஆகவே திருத்திக்கொள்ள வேண்டியவை இவை. சுரங்கப் பணியகம் தீவில் இடப்பட்ட ஒவ்வொரு துளையின் இடத்தையும் ஆழத்தையும் மூடிய நாளையும் கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். மூடாத துளையை நிறுவனத்தின் செலவில் மூடி, அருகிலுள்ள கிணறுகளைச் சோதிக்க வேண்டும். விலைக்காக எடுத்த அந்த மண் மாதிரிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லி, அவற்றில் ஒரு பங்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற, நிறுவனத்திடம் கூலி வாங்காத ஓர் ஆய்வுகூடத்திடம் கையளிக்க வேண்டும். ஆசனிக், கட்மியம், ஈயம், குரோமியம், தோரியம், யுரேனியம், சல்பைட்டு, அமிலத்தன்மை ஆகியவற்றோடு, இரும்பு எந்த வடிவில் இருக்கிறது, நனைத்து உலர்த்தினால் என்ன கழல்கிறது என்பதும் அந்தச் சோதனையில் இருக்க வேண்டும். மொத்தக் கணக்கை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புங்கள். தீவின் கிணறுகளும் தோட்டங்களும் கட்டுக்கரைக்குளத்து வயல்களும் மாரியிலும் கோடையிலுமாக இருமுறை அளக்கப்பட வேண்டும். கிணற்று நீரில் ஆசனிக் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், ஈயம் 10, கட்மியம் 3 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகள் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும், வாசிக்கிறவர் தாமே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

மத்திய சுற்றாடல் அதிகார சபை, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான ஆய்வு வரையறையில் இவை அனைத்தையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை வந்தபின் மக்கள் கருத்துச் சொல்லக் கொடுக்கப்படும் 30 வேலை நாட்கள், ஆங்கிலக் கோப்பு கொழும்பு அலுவலகத்தில் வைக்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கக் கூடாது. முழு அறிக்கையும் தமிழில் மன்னார்ப் பிரதேச செயலகத்திலும் பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி நூலகங்களிலும் வைக்கப்பட்ட மறுநாளே முதல் நாளாக எண்ணப்பட வேண்டும். அதுவரை அகழ்வு உரிமம், தற்காலிக அனுமதி, மாதிரி அகழ்வு என்று எந்தப் பெயரிலும் ஒரு கையொப்பமும் விழக் கூடாது. விழுந்தால், கையொப்பமிட்ட அதிகாரியின் பதவியையும் திகதியையும் இந்தப் பத்தியிலேயே அச்சிடுவோம்.